மயக்க வாயுவும் இருதயத் தாளமும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விஞ்ஞான விஷயம் ஒன்றைத் தமிழிலே பேசும்படி நமது காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது நான் சிறிது தயங்கினேன். மிசன் பாடசாலையிற் படித்து, இப்பொழுது மருத்துவக் கல்வி முழுவதையும் ஆங்கிலத்திலே பயிலும் ஒருவனுக்கு அத்தயக்கம் இயல்பே. ஆயினும், 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் என்பவர், மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே மாணாக்கருக்குக் கற்பித்தார். அந்நிய தேசத்தவர் ஒருவர் அன்று செய்ததைத் தமிழனாகிய நான் இன்று செய்யமாட்டேன் என்று சொல்வது அழகன்று. ஆகவே துணிந்துவிட்டேன். மருந்துகளின் பெயரை மாத்திரம் வழங்குகிறபடியே சொல்லுவேன், பொறுத்தருள்க.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சத்திரசிகிச்சையின் கடைசிப் பத்து நிமிஷங்களைப் பற்றியது. "மயக்கம் கொடுத்தால் திரும்ப எழும்புவேனா?" என்றுதான் நம்மவர் எல்லாரும் கேட்கிறார்கள். அவர்களுடைய பயமெல்லாம் தொடக்கத்தைப் பற்றியது. முகமூடியை மூக்கில் வைக்கும் நேரமே ஆபத்தான நேரம் என்று எண்ணுகிறார்கள். முடிவும் அதற்குக் குறைந்ததன்று. கத்தி கீழே வைக்கப்பட்டுவிட்டது, தையல் போட்டாயிற்று, சத்திரவைத்தியர் கையுறையைக் கழற்றுகிறார், தாதிமார் பஞ்சையும் ஆயுதங்களையும் எண்ணுகிறார்கள். அந்த வேளையிலேதான் மயக்கமருந்து வைத்தியர் இரண்டு மருந்துகளை நாளத்தில் ஏற்றிவிட்டு, விரலை நாடியிலும் கண்ணைத் திரையிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒருவருக்கு நாடி 120க்கு ஓடுகிறது. இன்னொருவருக்கு 45க்கு இறங்குகிறது. மருந்து அதுவே, அளவும் அதுவே. ஏன் இந்த வேற்றுமை? அந்நேரம் வரையில் நோயாளி எந்த ஆவியைச் சுவாசித்துக்கொண்டிருந்தார் என்பது அதற்குரிய காரணங்களில் முக்கியமான ஒன்று.

இதை விளக்குவதற்கு முதலில் தசை தளர்த்தும் மருந்துகளின் கதையைச் சொல்லவேண்டும். தென்னமெரிக்கக் காட்டு மக்கள் அம்பு நுனியிலே பூசும் கியூராரே என்னும் நஞ்சே இவற்றின் மூலம். அந்த அம்பு தைத்த மிருகம் வலியால் துடித்துச் சாவதில்லை. தசைகள் யாவும் சோர்ந்து, மூச்சுவிட இயலாமற் சாகிறது. 1814ஆம் ஆண்டில் வாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர் இலண்டனில் ஒரு பெண் கழுதைக்கு இந்நஞ்சை ஏற்றி, அதன் மூச்சுக்குழலைத் திறந்து, துருத்தியால் காற்றை ஊதிக்கொண்டிருந்தார். நஞ்சின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்றது. அதன்பின் பல்லாண்டு உயிரோடும் இருந்தது. மூச்சைப் பிறர் விட்டுக்கொடுத்தால் கியூராரே கொல்லாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதை மருந்தாக்க 128 வருஷம் சென்றது. 1942 ஜனவரி 23ஆந் திகதி, கனடாவின் மொன்றியல் நகரிலே கிரிபித், ஜோன்சன் என்னும் இரு வைத்தியர்கள் சத்திரசிகிச்சை வேளையில் தசை தளர்த்துவதற்கு இதனை முதன்முதல் வழங்கினார்கள். 1946இல் லிவர்பூலிலே கிரே, ஹோல்ற்றன் என்பவர்கள் இதனைத் துணிந்து பெருமளவில் உபயோகித்த அனுபவத்தை வெளியிட்டார்கள்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. அதற்குமுன் வயிற்றுத் தசைகள் இளகவேண்டுமானால், ஈதரையோ குளோரபோமையோ நோயாளி சாவின் விளிம்புவரை செல்லுமளவுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. இப்பொழுது உறக்கத்துக்கு ஒரு மருந்து, தளர்ச்சிக்கு ஒரு மருந்து என்று பிரித்துக்கொள்ளலாம். உறக்கம் இலேசாயிருந்தாற் போதும். ஆனால் வேலை முடிந்தபின் தசைகளை எழுப்பவேண்டும். நன்றாக எழுப்பாவிட்டால் நோயாளி விழித்திருந்தும் மூச்சு முட்டுவார். இருமிச் சளியை வெளியேற்றவும் மாட்டார்.

இனி, எழுப்புவது எப்படி? தசைக்கும் நரம்புக்கும் நடுவே நூல் போன்ற தொடர்பு கிடையாது. நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலீன் என்னும் தூதுப்பொருள் வெளிப்பட்டுத் தசையிலுள்ள பூட்டுகளிற் சாவிபோற் பொருந்துகிறது. கியூராரேயும் அதன் வழிவந்த மருந்துகளும் அப்பூட்டுகளை அடைத்துக்கொண்டு நிற்பவை. தூதுப்பொருளை உடலிலுள்ள ஒரு நொதியம் கணப்பொழுதில் அழித்துவிடுகிறது. அந்த நொதியத்தைத் தடுத்தால் தூதுப்பொருள் பெருகும்; பெருகினால் அடைத்துநிற்கும் மருந்தை நெருக்கித் தள்ளும். 1900ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரத்துப் பால் என்பவர், கலபார் அவரையிலிருந்து எடுத்த மருந்து கியூராரேயின் வேகத்தை மாற்றுவதைக் கண்டார். 1931இல் செயற்கையாக ஆக்கப்பெற்ற நியோஸ்ரிக்மின் இன்று அவ்வேலையைச் செய்கிறது.

இங்கேதான் இருதயம் நடுவே வருகிறது. 1921இல் ஒற்றோ லோவி என்பவர் இரண்டு தவளை இருதயங்களைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். ஒன்றிலே வேகசு நரம்பு இருந்தது. அதனைத் தூண்டினார், துடிப்பு மந்தமாயிற்று. அந்த இருதயத்தைக் கழுவிய நீரை மற்ற இருதயத்தில் விட்டார். எவரும் தூண்டாமலே அதுவும் மந்தமாயிற்று. நீரிலே கலந்து சென்ற தூதுப்பொருள் யாது? தசைக்குத் தூது செல்லும் அதே அசற்றைல்கோலீன்தான்! கால் தசையைச் சுருங்கவைக்கும் பொருளே இருதயத்தை அடக்கவும் செய்கிறது. லோவிக்கு 1936இல் டேல் என்பவரோடு நோபல் பரிசு கிடைத்தது. என் மனத்துக்கு இதைவிட எளிமையான, அழகான பரிசோதனை வேறொன்றும் தென்படவில்லை.

ஆகவே நியோஸ்ரிக்மினை ஏற்றினால் தூதுப்பொருள் தசையில் மாத்திரமன்றி இருதயத்திலும் குடலிலும் சுவாசக்குழாயிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் பெருகுகிறது. கை அசைகிறது, நாடி இறங்குகிறது. இறங்கி இறங்கி நின்றுவிடவும் கூடும். நியோஸ்ரிக்மின் ஊசியின்பின் நேர்ந்த மரணங்கள் 1949இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதப்பட்டபொழுது பெரும் விவாதம் எழுந்தது. எழுப்பும் மருந்தே கொல்லுகிறதென்று அஞ்சிய சிலர் அதைக் கொடாது விடவும் எண்ணினார்கள். ஆனால் கொடாமல் விடுவதும் சும்மா இருப்பதன்று. 1954இல் பீச்சர், ரொட் என்பவர்கள் அமெரிக்காவின் 10 வைத்தியசாலைகளில் 599,548 நோயாளரின் கணக்கை வெளியிட்டார்கள். தசை தளர்த்தும் மருந்து பெற்றோரிடையே மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் மற்றையோரிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமென்று அக்கணக்குக் காட்டிற்று. மருந்தே நஞ்சென்று ஆசிரியர் கருதினர். தளர்ந்த தசையைச் சரிவர எழுப்பாமல் வாட்டுக்கு அனுப்பியதே காரணமென்று வேறு பலர் மறுத்தனர். பின்வந்த அனுபவத்தை நோக்கும்பொழுது மறுத்தவர் பக்கமே நியாயம் அதிகமென்பது என் எண்ணம்.

இருதயத்தைக் காப்பதற்கு அற்றோப்பீன் என்னும் இரண்டாவது மருந்து வேண்டும். இது தசையின் பூட்டுகளைத் தொடாது; இருதயத்திலும் சுரப்பிகளிலும் உள்ள பூட்டுகளை மாத்திரம் அடைக்கும். புதிய சரக்கென்று எண்ணவேண்டாம். சிவபெருமானுக்குச் சாத்தும் ஊமத்தம் பூவின் செடியிலும் இதன் இனமான நஞ்சு உண்டு. ஊமத்தை தின்றவனுக்கு நா வறண்டு, கண்மணி விரிந்து, நாடி குதிரைபோல் ஓடி, புத்தி தடுமாறுவதை நமது பெரியோர் நன்கறிவர். அந்த நாடியோட்டமே இங்கு மருந்தாகிறது. நியோஸ்ரிக்மின் 2.5 மில்லிகிராமுக்கு அற்றோப்பீன் 1.2 மில்லிகிராம் என்பது நெடுங்காலம் வழங்கிய அளவு.

ஒன்று இழுக்க, மற்றது தள்ள, நாடி நடுவில் நிற்கும் என்றுதானே எண்ணத் தோன்றுகிறது? நிற்பதில்லை. அற்றோப்பீன் ஒரு நிமிஷத்துக்குள் வேலை தொடங்குகிறது. நியோஸ்ரிக்மின் முழுவேகம் பெற 7 முதல் 10 நிமிஷம் செல்லும். ஆகையால் முதலில் நாடி விரைகிறது. பின்னர் மெல்ல இறங்குகிறது. சிலரிடம் தொடங்கிய இடத்துக்கும் கீழே போகிறது. இது ஓட்டப்பந்தயம் போன்றது. ஓடுகிறவர் இருவர் எப்பொழுதும் ஒருவரே. ஓடும் தரை மாத்திரம் நோயாளிக்கு நோயாளி வேறுபடும். மயக்க வாயுவே அத்தரை.

வாயு என்று சொன்னாலும் இவற்றுட் பல, போத்தலில் இருக்கும்பொழுது திரவங்கள். ஆவியாக்கித்தான் கொடுப்பார்கள். 1846 ஒக்ரோபர் 16ஆந் திகதி பொஸ்ரன் நகரில் மோர்ட்டன் காட்டிய ஈதர், இருதயத்துக்கு ஓரளவு நட்பானது. உடலிலிருந்து அதிரினலின் போன்றவற்றை வெளிப்படுத்தி நாடியைத் தாங்கிப் பிடிக்கும். குளோரபோம் அப்படியன்று. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே ஹன்னா கிறீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகமொன்றை எடுப்பதற்காகக் குளோரபோம் சுவாசித்த சில நிமிஷத்தில் இறந்தாள். ஒரு நகத்துக்காக! ஏன் இறந்தாளென்று அரை நூற்றாண்டுக்கு மேல் வாதிட்டார்கள். 1911இல் லெவி என்பவர் பூனைகளில் ஒன்றைக் காட்டினார். இலேசான குளோரபோம் மயக்கத்தில் சிறிது அதிரினலின் சேர்ந்தால், இருதயத்தின் கீழறைகள் தாளமிழந்து நடுநடுங்கி நின்றுவிடும். ஆவியொன்று இருதயத்தை உறங்கவைப்பதோடு அதைச் சினங்கொள்ளவும் வைக்கலாமென்பது அப்பொழுது விளங்கிற்று.

இந்த இரண்டு குணமும் ஒருங்கே உடையது ஹலோதேன். 1951இல் ஐ.சீ.ஐ. கம்பனியின் சக்ளிங் என்னும் இரசாயன அறிஞர் ஆக்கியது. 1956இல் மன்செஸ்ரரில் ஜோன்ஸ்ரன் நோயாளருக்குக் கொடுத்தது. தீப்பற்றாது, மணம் இனிது, குழந்தைகளும் அழாமற் சுவாசிக்கும். அதனாலே சில வருஷத்துள் உலகமெங்கும் பரவிற்று. ஆனால் இருதயத்தின் மேற்பக்கத்தில் தாளத்தை எழுப்பும் சிறு கணு ஒன்று உண்டு. ஹலோதேன் அதனைச் சோர்வடையச் செய்கிறது. சில வேளை அக்கணு அடங்கிப்போக, கீழேயுள்ள கணு தாளத்தை ஏற்றுக்கொள்ளும். இரத்த அமுக்கம் வீழ்ந்தால் நாடி விரைந்து ஈடுசெய்வது உடலின் இயல்பான காவல். ஹலோதேன் அந்தக் காவற்காரனையும் உறங்கவைக்கிறது. இந்நிலையில் நியோஸ்ரிக்மின் வந்தால், ஏற்கெனவே 60இல் நின்ற நாடி மேலும் இறங்குவதைத் தடுக்க உடலிடம் வலிமை குறைவு. சரி, அற்றோப்பீனைத் தாராளமாக முன்னரே கொடுப்போம் என்றால் மறுபக்கத்தில் வேறு கண்ணி. நோயாளி நன்றாக மூச்சுவிடாமல் கரியமிலவாயு தேங்கியிருந்தால் இரத்தத்தில் அதிரினலின் ஏறியிருக்கும். ஹலோதேன் இருதயத்தை அதிரினலினுக்குச் சினங்கொள்ளவைத்திருக்கும். வேகசு நரம்பின் கடிவாளத்தை அற்றோப்பீன் அறுத்துவிட, இருதயம் தாளந்தப்பி ஓடும். சைக்குளோப்புரொப்பேன் என்னும் வெடிக்குந் தன்மையுள்ள வாயுவிலும் இதே தொல்லை உண்டு. அது இப்பொழுது வழக்கொழிந்தது.

ஆகவே அக்காலத்து வைத்தியர் மூன்று காரியங்களைக் கைக்கொண்டனர். ஆவியை முன்கூட்டியே நிறுத்தி, அது நுரையீரல் வழியே வெளியேறக் காலம் கொடுப்பது. காற்றை நன்றாக ஊதிக் கரியமிலவாயுவைக் கழுவி, பிராணவாயுவை நிறைப்பது. அதன்பின் மருந்தை ஒரே மூச்சில் தள்ளாமல் மெல்ல ஏற்றுவது. ஆவியை நிறுத்துவதால் இன்னுமொரு நயம் உண்டு. இந்த ஆவிகள் தாமே தசையைச் சிறிது தளர்த்துபவை. அவை உடலில் இருக்கும்வரை நியோஸ்ரிக்மினின் வேலை தாமதமாகும். இருதயத்துக்கு நல்லது தசைக்கும் நல்லதாக அமைந்தது நோயாளியின் பாக்கியமே. ஆயினும் அளவுக்கு முந்தி நிறுத்தினால் ஒரு பாவம் சேரும்: நோயாளி உணர்வு வந்தும் கை அசைக்கவியலாமற் கிடப்பார். அதிலும் கொடுமை வேறில்லை. லிவர்பூல் வைத்தியர்கள் நைதரசு ஒட்சைட்டு என்னும் சிரிப்பு வாயுவை முக்கியமாகக் கொண்டு, வலுவான ஆவியைத் தவிர்த்தபடியால் இருதயச் சிக்கல் அவர்களுக்குக் குறைவாயிற்று. ஆனால் இலேசான உறக்கத்தின் சிக்கலுக்கு அவர்கள் விழிப்பாயிருக்கவேண்டியிருந்தது.

புதிய ஆவிகள் வந்தபின் தரை மாறிற்று. ஹலோதேன் ஈரலுக்கு அரிதாகவேனும் பெருந்தீங்கு செய்வதாலும், இருதயத்தில் இத்தொல்லைகள் உள்ளதாலும் பல தேசங்களில் கைவிடப்பட்டது. ஐசோபுளூரேன் அதற்கு நேர்மாறு. நாடியைக் கூட்டுவது அதன் இயல்பு. முக்கியமாக வாலிபரிடம் இது தெளிவாகத் தெரியும், முதியோரிடம் குறைவு. அதிரினலினுக்குச் சினங்கொள்ளுந் தன்மையும் ஹலோதேனிலும் மிகக் குறைந்தது. ஆனபடியால் நாடி நின்றுபோகும் பயம் தணிந்தது. பதிலாக, 95இல் இருக்கும் நாடியை அற்றோப்பீன் 130க்கு ஏற்றுகிறது. இருபது வயது வாலிபனுக்கு அது பந்து விளையாடியது போல. இருதய நாடிகள் ஒடுங்கிய அறுபது வயதினருக்கு அப்படியன்று. இருதயம் தனக்குவேண்டிய இரத்தத்தை இரண்டு துடிப்புகளுக்கிடையே ஓயும் நேரத்திலேதான் பெரும்பாலும் பெறுகிறது. ஓட்டம் விரைந்தால் ஓய்வு சுருங்கும். டெஸ்புளூரேன் என்பதை விரைவாகக் கூட்டினால், 6 சதவீதத்துக்கு மேலே செல்லும்பொழுது, நாடியும் இரத்த அமுக்கமும் திடீரெனச் சிறிது நேரம் எழும்பும். செவோபுளூரேன் இவற்றுள் அமைதியானது; மிதமான அளவில் நாடியை அதிகம் மாற்றுவதில்லை. மயக்கமருந்து வைத்தியர்கள் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமென்று கொள்ளலாம்.

இரண்டாவது மருந்தையும் மாற்றிக்கொண்டார்கள். கிளைக்கோபைறோனியம் என்பது அற்றோப்பீனின் வேலையையே செய்யும். ஆனால் சற்றுத் தாமதித்துத் தொடங்கும். அதனால் நியோஸ்ரிக்மினோடு அதன் நடை ஒத்துப்போகிறது. தொடக்கத்து ஓட்டமும் பிந்திய சரிவும் குறைகின்றன. அது மூளைக்குள் எளிதிற் புகாதபடியால், முதியோர் விழிக்கும்பொழுது பிதற்றுவதும் குறைவு. நியோஸ்ரிக்மின் 2.5 மில்லிகிராமும் இது 0.5 மில்லிகிராமும் ஒரே சிமிழிற் கலந்தே விற்பனைக்கு வந்தன. சிறியதொரு மாற்றம், ஆனால் பெயர்பெற்ற பல கண்டுபிடிப்புகளிலும் பார்க்க அதிகமான நாடிகளை நேர்ப்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே இருக்கும் பெரியோருக்கு ஒரு வார்த்தை. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஒரு வைத்தியர் வந்து, "என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள்?" என்று கேட்பார். நம்மவரிற் பலர், "ஒன்றும் பெரிதாக இல்லைத் தம்பி" என்று விடுவர். அற்றெனலோல் போன்ற பிரசர் மாத்திரை நாடியைக் குறைப்பது. நியோஸ்ரிக்மின் அதன்மேல் வந்து ஏறும். கண்ணமுக்க நோய்க்கு விடும் ரிமோலோல் துளியும் கண்ணோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்திற் கலந்து நாடியை மந்தமாக்க வல்லது. கண்மருந்தையும் மருந்தென்று யார் சொல்லுகிறார்கள்? மறதிநோய்க்குக் கொடுக்கும் டொனெப்பெசில் மாத்திரையோ நியோஸ்ரிக்மின் தடுக்கும் அதே நொதியத்தையே தடுப்பது. வீட்டில் ஒரு பகுதி வேலை முன்னரே நடந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். இவற்றை நீங்களாக நிறுத்தவேண்டாம். திடீரென நிறுத்துவதால் வேறு தீங்கு வரும். போத்தலோடும் பெட்டியோடும் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். தாத்தாவுக்கும் அம்மம்மாவுக்கும் ஞாபகமில்லாவிட்டால், அந்தப் பையைத் தூக்கிச் செல்வது கூடப்போகும் வாலிபருடைய வேலை.

முடிக்குமுன், "இந்த இழுபறியே இல்லாத மருந்து கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஸ்கொத்லாந்திலுள்ள ஓர்கனொன் கம்பனியின் ஆய்வுக்கூடத்திலே அன்ரன் பொம் என்பவர் வளையம்போன்ற ஒரு சருக்கரை மூலக்கூற்றை ஆக்கினார். அது தூதுப்பொருளையோ நொதியத்தையோ தீண்டாது, தளர்த்தும் மருந்தையே தன் வளையத்துள் விழுங்கிக்கொள்கிறது. சுகமடெக்ஸ் என்ற பெயரோடு 2008இல் ஐரோப்பாவிலும் 2015இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. றொக்கியூரோனியம், வெக்கியூரோனியம் என்னும் தளர்த்திகளுக்கு மாத்திரம் இது பொருந்தும். மற்றை இனங்களுக்குப் பயனில்லை. விலையும் நியோஸ்ரிக்மினிலும் அதிகம். நாடியைத் தொடவேண்டிய காரணமே இதற்கில்லை என்றுதான் முதலில் எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் இதை ஏற்றியபின்னும், அரிதாகச் சிலருக்கு நாடி மிகவும் மந்தமாகி, நின்றுபோனதும் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆதலால் சுகமடெக்ஸ் கொடுக்கும் கூடத்திலும், திரையின் அருகே, தட்டின் ஓரத்திலே, ஊமத்தையின் உறவான அற்றோப்பீன் கைக்கெட்டும் இடத்தில் ஆயத்தமாகவே இருக்கிறது.